முதலில் ஒரு போல்ட்டைக் கழற்றுங்கள்



சென்ற மாதம் ஒரு நேர்காணலில் என்னிடம் கேட்ட கேள்வி இது: "நீங்களே கையாண்ட ஒரு தொழில்நுட்பக் கோளாறைப் பற்றிச் சொல்லுங்கள்." நம்மில் பலர் செய்வதையே நானும் செய்தேன். மினி ப்ராஜெக்ட்டை எடுத்து, சீனியர்கள் சொல்லிக்கொடுத்தபடி கொஞ்சம் மெருகேற்றி, எல்லாம் திட்டமிட்டபடி நடந்து முடிந்ததுபோலச் சொல்லிவிட்டு வந்தேன். வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் தோன்றியது: நான் நிஜமாகவே கையாண்ட கோளாறு ஒன்று இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை? காரணம் எனக்கே தெரியும். அதில் நான் தோற்றிருந்தேன். மாமாவின் பணம் ஏழாயிரம் ரூபாயும், ஒரு வாரத்துக்கு மேலான அவருடைய பிழைப்பும் என்னால் வீணாகியிருந்தன.

நேர்காணலில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நான் மெக்கானிக்கல் இறுதியாண்டு. எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தால் ஆசிரியர் குழுவைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

படகும் மாமாவும்

என் அம்மாவின் தம்பி மண்டபத்தில் இருக்கிறார். அவரிடம் 21 அடி நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு உண்டு. பின்னால் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். கடல் பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள், தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்கள் என்று யாராவது வாடகைக்குக் கேட்பார்கள். அதுதான் வருமானம். மீன்பிடி ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் எஞ்சினோடு ஒட்டிய கைப்பிடியைப் பிடித்துத்தான் திருப்புவார்கள். மாமாவின் படகு ஒரு சுற்றுலாக்காரரிடமிருந்து கைமாறி வந்தது. அதனால் கார் மாதிரி நடுவில் ஒரு ஸ்டியரிங் சக்கரம் இருக்கும்.

போன டிசம்பரில், செமஸ்டர் லீவுக்குப் போயிருந்தபோது மாமா சொன்னார்: "சக்கரம் கொஞ்ச நாளா டைட்டா இருக்கு மாப்ள. நீ மெக்கானிக்கல்தான படிக்கிற, என்னன்னு பாரேன்."

மறுநாள் பாம்பன் கால்வாய் வழியாகப் போனோம். பாக் ஜலசந்திக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே அந்தக் குறுகிய இடத்தில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1988இல் திறந்த சாலைப் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமும் மேலே நிற்கின்றன. கீழே தூண்களைச் சுற்றித் தண்ணீர் நுரைத்துச் சுழல்கிறது. தூண்களுக்கு இடையில் நுழையும்போது மாமா சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினார். அது பாதியில் நின்றுவிட்டது. எழுந்து நின்று இரண்டு கையாலும் முழு பலத்தோடு இழுத்தார். நீரோட்டம் எங்களைப் பக்கவாட்டில் ஒரு தூணை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. நான் துடுப்பை எடுத்துக்கொண்டு அணியத்துக்கு ஓடினேன். அதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் சக்கரம் டக்கென்று ஒரு குலுக்கலோடு திரும்பியது. தூணுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நீளம் இடைவெளி இருந்திருக்கும். நல்லவேளையாக அன்று வாடகைக்கு யாரும் ஏறியிருக்கவில்லை.

கரைக்கு வந்து சேரும்வரை மாமா பேசவில்லை. வந்ததும், "இதச் சரி பண்ணாம இனி ஆள் ஏத்த மாட்டேன்" என்றார். அது ஒரு நல்ல முடிவு. அதற்குப் பிறகு நாங்கள் எடுத்த முடிவுகள்தான் மோசம்.

சக்கரத்தைத் திருப்பினால் என்ன நடக்கிறது?

கதையைத் தொடர்வதற்கு முன், வேறு துறை நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இது புரிந்தால்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்தேன் என்பது புரியும்.

அவுட்போர்டு படகில் பெரும்பாலும் தனியாகச் சுக்கான் கிடையாது. எஞ்சினே இடமும் வலமுமாகத் திரும்பும். ப்ரொப்பல்லர் தள்ளும் திசை மாறுவதால் படகு திரும்புகிறது. சக்கரத்துக்குப் பின்னால் பல்சக்கரங்கள் உள்ள ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதை ஹெல்ம் என்பார்கள். சக்கரம் சுற்றுவதை அந்தப் பெட்டி ஒரு கேபிளின் தள்ளலாகவும் இழுப்பாகவும் மாற்றுகிறது. சைக்கிள் பிரேக் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். அது இழுக்க மட்டும் செய்யும், இது தள்ளவும் செய்யும், அதனால் இன்னும் தடிமனாக இருக்கும்.

கேபிளின் மறுமுனையில் ஒரு எஃகுத் தண்டு. அது எஞ்சினை மேலே தூக்கச் சாய்க்கும்போது அச்சாக இருக்கும் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. அதற்கு டில்ட் ட்யூப் என்று பெயர். வெளியே வந்த தண்டின் முனையை எஞ்சினோடு சேர்ப்பது ஒரு இணைப்புத் தண்டும் ஒன்றிரண்டு போல்ட்டுகளும். அந்த இணைப்பு தள்ளினால் எஞ்சின் தன் செங்குத்து அச்சில் திரும்பும். அந்த அச்சு ஒரு தாங்கிக்குள் நிற்கிறது. அதில் கிரீஸ் அடிக்க நிப்பிள்கள் இருக்கும்.

ஆக, சக்கரம் இறுகினால் சந்தேகப்பட வேண்டியவை நான்கு: ஹெல்ம் பெட்டி, கேபிள், டில்ட் ட்யூப், எஞ்சினின் செங்குத்து அச்சு. இவை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல இருக்கின்றன. எது இறுகினாலும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைக்கு ஒரே உணர்வுதான் வரும். பிரச்சினையே இதுதான். நோய் எங்கே இருந்தாலும் வலி ஒரே இடத்தில் தெரிகிறது.

நாங்கள் செய்தது

முதல் தவறு எங்களுடையது அல்ல. கரையில் எஞ்சின் வேலை பார்க்கும் மாமாவின் கூட்டாளி ஒருவர் வந்தார். பல வருட அனுபவம். "கிரீஸ் இல்லாமக் காஞ்சு கெடக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று டில்ட் ட்யூபின் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து நன்றாக அடித்தார். அதற்குப் பிறகு சக்கரம் ஒரு பக்கம் மட்டும் திரும்பியது. மறுபக்கம் கல்லுப் போல நின்றது. முன்னைவிட மோசம்.

என்ன நடந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அவர் கிரீஸ் அடித்தபோது எஃகுத் தண்டு குழாய்க்கு வெளியே நீண்டிருந்தது. தண்டு திரும்பி உள்ளே வர வேண்டிய காலி இடம் முழுக்கக் கிரீஸ் நிரம்பிவிட்டது. கிரீஸை அமுக்க முடியாது, வெளியேறவும் வழியில்லை. தண்டு எப்படி உள்ளே வரும்? ஹைட்ராலிக் லாக். மூன்றாம் செமஸ்டரில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்த எனக்கு, திரவங்கள் அமுங்காது என்பது இரண்டு மார்க் கேள்வியாகத் தெரியும். கண்ணெதிரே நடந்தபோது தெரியவில்லை. தண்டை முழுவதும் குழாய்க்குள் இழுத்துக்கொண்ட பிறகுதான் கிரீஸ் அடிக்க வேண்டும் என்று எஞ்சின் கையேடுகளே எச்சரிக்கின்றன. அந்தக் கையேட்டை நாங்கள் யாரும் திறக்கவில்லை.

இரண்டாவது தவறு முழுக்க முழுக்க என்னுடையது. சக்கரம் ஒரு பக்கம் கல்லாக நின்றதைப் பார்த்ததும், "கேபிள் போச்சு மாமா" என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளை இன்ஜினியரிங் படிக்கிறானே. செல்போனை எடுத்துத் தேடினேன். கேபிள் மாற்றுவது எப்படி என்று வரிசையாக வீடியோக்கள் வந்தன. நான்கைந்து பார்த்தேன், எல்லாம் தெளிவாக இருந்தன. அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கேபிளை எப்படி மாற்றுவது என்று நான் கேட்டேன், அவர்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். கோளாறு கேபிளில்தானா என்ற கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை, என்னிடமே கூடக் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து கேபிள் வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் படகு கரையில் கிடந்தது. இரண்டு வாடகை வந்து திரும்பிப் போனது. அத்தை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் டீ கொடுக்கும்போது, "இன்னைக்கு வந்துருமாப்பா?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வி எந்த வைவாவையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கேபிள் வந்தது. பழையதை உருவினோம். குழாய்க்குள் அடைத்திருந்த கிரீஸை எல்லாம் துணி சுற்றிய குச்சியால் வழித்துச் சுத்தம் செய்தோம். புதிய கேபிளை மாட்டினோம். எஞ்சினோடு இணைப்பதற்கு முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரே விரலில் சுற்றியது! நான் கத்திய கத்தில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா இணைப்புத் தண்டை மாட்டி போல்ட்டை இறுக்கினார். சக்கரத்தைத் திருப்பினேன்.

பழையபடியே இறுக்கம்.

மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, இணைப்பை மறுபடி கழற்றிவிட்டு, எஞ்சினின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கிறீச்சென்று கொஞ்சம் நகர்ந்தது. "இது எஞ்சினே திரும்பலையே மாப்ள" என்றார்.

செங்குத்து அச்சின் தாங்கியில் இருந்த கிரீஸ் உப்போடு சேர்ந்து காய்ந்து மெழுகாகிக் கிடந்தது. கிரீஸ் உள்ளே போக வேண்டிய நிப்பிளும் அடைத்துப் போயிருந்தது. நிப்பிளைக் கழற்றி, துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, துரு விட எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தோம். பக்கத்திலேயே பெட்ரோல் பைப் போகிறது என்பதால் சூடு காட்டவில்லை. மறுநாள் புது நிப்பிள் போட்டு, தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸை அடித்தபடியே எஞ்சினை இடமும் வலமுமாக அசைத்தோம். முதலில் பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாக வந்தது. பிறகு புதிய கிரீஸ் எட்டிப் பார்த்தது. மதியத்துக்குள் எஞ்சின் ஒரு கையால் தள்ளினாலே திரும்பியது. மொத்தச் செலவு ஆயிரத்துக்குள்.

கழற்றிப் போட்ட பழைய கேபிளை எடுத்து, அதன் தண்டை உள்ளேயும் வெளியேயும் இழுத்துப் பார்த்தேன். வழுவழுவென்று ஓடியது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. இன்னும் மாமா வீட்டுத் திண்ணையில் ஒரு ஆணியில் தொங்குகிறது.

ஐந்து நிமிட வேலை

இப்போது யோசித்துப் பாருங்கள். முதல் நாளே அந்த ஒரு போல்ட்டைக் கழற்றியிருந்தால் போதும். இணைப்புத் தண்டை எஞ்சினிலிருந்து பிரித்துவிட்டால் சங்கிலி இரண்டாகிவிடும். ஒரு பக்கம் சக்கரம், ஹெல்ம், கேபிள், டில்ட் ட்யூப். மறுபக்கம் எஞ்சின் மட்டும். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், எஞ்சினைக் கையால் தள்ளிப் பாருங்கள். எந்தப் பக்கம் இறுகியிருக்கிறதோ அங்கேதான் கோளாறு. இரண்டும் இறுகியிருந்தால் இரண்டு கோளாறு. கூட்டாளி கிரீஸ் அடித்த பிறகு எங்கள் படகில் இருந்தது அதுதான். புதிய கேபிளை மாட்டிய அன்று, இணைப்பதற்கு முன் சக்கரத்தைச் சுற்றினேன் அல்லவா? அதுவே இந்தச் சோதனையில் பாதி. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்து, அதன் பதிலையும் படிக்காமல் விட்டேன்.

யாருக்காவது பயன்படலாம் என்பதால் முழு வரிசையையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, படகு கரையில் இருக்கும்போது செய்ய வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: எப்போது இறுகுகிறது? கரையில் நிற்கும்போது லேசாகவும், வேகமாகப் போகும்போது மட்டும் ஒரு பக்கம் இழுப்பதாகவும் இருந்தால், எதுவும் துருப்பிடித்திருக்க வேண்டியதில்லை. ப்ரொப்பல்லர் சுழல்வதாலேயே எஞ்சினை ஒரு பக்கம் திருப்பும் விசை வரும். அதைச் சமன் செய்யப் பல எஞ்சின்களில் ப்ரொப்பல்லருக்கு மேலே மீன் செதில் போல ஒரு சின்னத் தகடு இருக்கும். அதன் போல்ட்டைத் தளர்த்தி, படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாகத் தகட்டின் பின்முனையைக் கொஞ்சம் திருப்பி இறுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

கரையிலேயே இறுக்கம் என்றால் இணைப்பைக் கழற்றுங்கள். எஞ்சின் பக்கம் இறுக்கமானால், மேலே நாங்கள் செய்த வேலை. சக்கரத்தின் பக்கம் இறுக்கமானால், கேபிளின் தண்டை டில்ட் ட்யூபிலிருந்து வெளியே உருவிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். லேசாகிவிட்டால் குற்றவாளி குழாய். உள்ளே துருவையும் காய்ந்த கிரீஸையும் சுத்தம் செய்து, தண்டில் புதிதாகக் கிரீஸ் பூசி மாட்டினால் போதும். இன்னும் இறுக்கமா? ஹெல்ம் பெட்டியிலிருந்து கேபிளைப் பிரித்துவிட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றுங்கள். அது லேசாக இருந்தால் கேபிள்தான் போயிருக்கிறது. அதற்குள் எண்ணெய் ஊற்றி உயிர் கொடுக்கப் பார்க்க வேண்டாம். உள்ளே துருப்பிடித்த கேபிளை மாற்றத்தான் வேண்டும். புதியதை மாட்டும்போது இடுக்கான வளைவுகள் இல்லாமல் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் அதுவும் சீக்கிரம் இறுகும்.

சக்கரமே இல்லாமல் கைப்பிடியால் திருப்பும் படகா? உங்களுக்குச் சங்கிலி இன்னும் சின்னது. திருப்பும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க எஞ்சினில் ஒரு திருகு இருந்தால் அதை யாராவது இறுக்கிவிட்டார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நேராகச் செங்குத்து அச்சுக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. கழற்றிய இணைப்பைத் திரும்ப மாட்டும்போது, தானாகத் தளராத லாக் நட்டைத்தான் போட வேண்டும். கையில் கிடைத்த சாதாரண நட்டைப் போட்டால் எஞ்சின் அதிர்வில் கழன்றுவிடும். ஓடும் படகில் அது கழன்றால் படகு சட்டென்று ஒரு பக்கம் வெட்டித் திரும்பும், உள்ளே இருப்பவர் கடலில் இருப்பார்.

இதில் நமக்கு என்ன?

"மெக்கானிக்கல் பசங்களுக்கு ஓகே, எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கும் சி.எஸ்.இ. நண்பர்களே, இதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள். 400 வரி கோடு ஓடவில்லை என்றால் பாதியை கமெண்ட் செய்துவிட்டுப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதுதான் இது. ஈ.சி.இ.காரர்கள் சர்க்யூட்டின் நடுவில் ப்ரோபை வைத்து, இதுவரை சிக்னல் வருகிறதா என்று பார்ப்பதும் இதுதான். எட்டு பாகங்கள் வரிசையாக இருந்து ஒன்றில் மட்டும் கோளாறு என்றால், முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் போனால் ஏழு சோதனை வரை ஆகலாம். ஒவ்வொரு தடவையும் நடுவில் பிரித்துப் பார்த்தால் மூன்று போதும். கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரிந்தும் நான் ஏன் செய்யவில்லை? இங்கேதான் என் ஆதங்கம்.

நான்கு வருடம் நாம் செய்த லேப்களை நினைத்துப் பாருங்கள். நோக்கம், கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு. ரெக்கார்டு நோட்டில் முடிவை எழுதிவிட்டுத்தான் சோதனையையே தொடங்குகிறோம். ரீடிங் சரியாக வரவில்லை என்றால் பக்கத்து பேட்ச்சின் ரீடிங்கைப் பார்த்துச் சரி செய்கிறோம். மீட்டர் ஓடவில்லை என்றால் லேப் அண்ணன் வேறு மீட்டர் கொண்டுவந்து வைக்கிறார். ஓடாத மீட்டர் அலமாரிக்குப் போகிறது. அது ஏன் ஓடவில்லை என்று ஒரு நாளாவது யாராவது நம்மைக் கேட்டிருக்கிறார்களா? எட்டு செமஸ்டரில் பழுதான ஒரு பொருளைக் கையில் கொடுத்து, "இதில் எங்கே கோளாறு, கண்டுபிடி" என்று ஒரு தடவைகூட என்னிடம் யாரும் சொன்னதில்லை. நாம் நல்ல நிலையில் உள்ளவற்றை மட்டுமே தொட்டுப் படித்தவர்கள். வெளியே நமக்காகக் காத்திருப்பதில் பாதி, பழுதானவை.

அதனால்தான் கோளாறு என்றதும் நம் மனம் நேராகப் பதிலுக்குத் தாவுகிறது. பரீட்சைக்கு அப்படித்தான் பழகியிருக்கிறோம். கேள்வியில் ஒரு வார்த்தையைப் பார்த்ததும் எந்த யூனிட், எந்த ஃபார்முலா என்று தாவினால் மார்க். படகில் தாவினால் ஏழாயிரம் ரூபாய் நஷ்டம்.

இதைப் படித்துவிட்டு, "படிப்பெல்லாம் வேஸ்ட், அனுபவம்தான் எல்லாம்" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அனுபவசாலிதான் கிரீஸை அடைத்து மோசமாக்கினார். அவரும் என்னை மாதிரியே தாவினார். நான் வீடியோவிலிருந்து தாவினேன், அவர் பழக்கத்திலிருந்து தாவினார். கடைசியில் கண்டுபிடித்த மாமாவும் அதை அனுபவத்தால் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. வேறு வழி எல்லாம் தீர்ந்துபோய், இணைப்பைப் பிரித்து, ஒரு பாகத்தைத் தனியாகத் தொட்டுப் பார்த்தார். பிரித்துப் பார்ப்பது ஒரு பழக்கம். சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் வரும். சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம் கல்லூரி.

ஒரு கோரிக்கை

நம் துறைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு லேபிலும் ஒரே ஒரு வகுப்பைப் பழுதான கருவிக்கு ஒதுக்குங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு லேப் அலமாரியிலும் ஓடாத பம்பும், எரியாத போர்டும், நகராத கேஜும் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அதை நான்கு பேர் கொண்ட பேட்ச்சிடம் கொடுங்கள். சரி செய்தார்களா என்பதற்கு மார்க் வேண்டாம். எந்த வரிசையில் பிரித்தார்கள், ஒவ்வொரு சோதனையிலும் எதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள் என்பதற்கு மார்க் கொடுங்கள். ரெக்கார்டு நோட்டில் 'முடிவு' என்ற தலைப்புக்கு மேலே 'இவை காரணம் அல்ல' என்று ஒரு தலைப்பு இருக்கட்டும்.

இதற்கு வரக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். சிலபஸ் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். நியாயம்தான், ஆனால் நான் கேட்பது ஒரு செமஸ்டருக்கு ஒரு வகுப்பு. ஒரே பதில் இல்லாத சோதனைக்கு எப்படி மார்க் போடுவது என்பார்கள். வைவாவுக்கு மட்டும் ஒரே பதிலா இருக்கிறது? பழுதான கருவியில் கை வைத்தால் ஆபத்து என்பார்கள். அதற்குத்தான் ஆசிரியர் பக்கத்தில் நிற்கிறார். யாரும் பக்கத்தில் இல்லாமல், பாலத் தூணுக்கு அடியில் முதல் தடவையாகக் கற்றுக்கொள்வது இன்னும் ஆபத்து. அதை நான் பார்த்துவிட்டேன்.

கல்லூரி மாறும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். இந்த லீவில் வீட்டுக்குப் போனதும், ஓடாத ஃபேனோ, தண்ணீர் ஏற்றாத மோட்டாரோ, இறுகிய சைக்கிள் ஹேண்டில்பாரோ எதுவாக இருந்தாலும், கரண்ட் உள்ளதென்றால் முதலில் அதைத் துண்டித்துவிட்டு, ஒரு தாளில் அதன் சங்கிலியை வரைந்து பாருங்கள். எங்கே பிரித்தால் இரண்டாகும் என்று ஒரு கோடு போடுங்கள். செல்போனை எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அவ்வளவுதான்.

மாமாவிடம் அந்த ஏழாயிரத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். "வேலைக்குப் போயி குடு மாப்ள. புது கேபிளு எப்படியும் ஒரு நாள் தேவைப்பட்டிருக்கும்" என்றார். அது என் மனம் நோகாமல் இருக்கச் சொன்னது என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் போனபோது படகில் ஏறிப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவில் மெரைன் கிரீஸ், இரண்டு நிப்பிள், ஒரு லாக் நட், இணைப்பின் போல்ட்டுக்குப் பொருத்தமான ஸ்பேனர். மாதத்துக்கு ஒரு தடவை போல்ட்டைக் கழற்றி, எஞ்சினைத் தனியாகத் தள்ளிப் பார்த்துவிட்டு மாட்டுகிறாராம்.

அடுத்த வாரம் எனக்கு இன்னொரு நேர்காணல். அதே கேள்வியைக் கேட்டால் இந்தத் தடவை படகைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கேபிள் வாங்கியதையும் சேர்த்து.